கடையைப் பூட்டிக்கொண்டு கொச்சிக்கு

என் தகப்பனார் தம் ஆயுளில் செய்த பிரயாணங்களில் பெரும்பாலானவை காகிதத்தின் மேல் செய்தவைதாம். தஞ்சாவூரில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தாவாக இருந்த அவர், வருஷந்தோறும் தென்னக ரயில்வே கால அட்டவணைப் புத்தகத்தைத் தவறாமல் வாங்கிவிடுவார். இரவுச் சாப்பாடு முடிந்ததும் திண்ணை விளக்கடியில் அதை விரித்துக்கொண்டு உட்காருவார். கையில் சிவப்புப் பென்சில். எந்த வண்டியில் ஏறி எங்கே இறங்கி எந்த வண்டிக்கு மாறவேண்டும், நடுவில் எத்தனை நாழிகை காத்திருக்கவேண்டும், எந்த ஸ்டேஷனில் தயிர்ச்சாதம் கெடுவதற்குள் பொட்டலத்தைப் பிரிக்கவேண்டும் என்பதெல்லாம் ஓரத்தில் பொடி எழுத்தில் குறிக்கப்பட்டுவிடும். காசி, ஹம்பி, பூரி, கொச்சி என்று அவர் போகாத ஊர் கிடையாது. மறுநாள் காலையில் ஒன்பதரை மணிக்கு வழக்கம்போல் சைக்கிளில் ஏறிச் சங்கத்துக்குப் போய்விடுவார்.

"ரிடையராகட்டும், பார்க்கலாம்" என்பது அவருடைய மந்திரம். 2006இல் ரிடையரானார். ஓய்வு கிடைத்தபோது முழங்கால்கள் கிடைக்கவில்லை. அடுத்த பதின்மூன்று வருஷத்தில் அவர் போன அதிகபட்ச தூரம் திருச்சி ஆஸ்பத்திரி. 2019இல் காலமானார்.

பெட்டியில் இருந்த பதினெட்டு அட்டவணைப் புத்தகங்களையும் பழைய காகிதக்காரனுக்குப் போட்டுவிடலாம் என்று எடுத்தேன். போட முடியவில்லை. 1986ஆம் வருஷத்துப் பிரதியில், திருச்சியில் வண்டி மாறி, எர்ணாகுளம் வழியாகக் 'கொச்சி ஹார்பர் டெர்மினஸ்' வரைக்கும் ஒரு சிவப்புக் கோடு ஓடியிருந்தது. ஓரத்தில், "நால்வர். பெரிய லீவு. ரூ. 640 போதும்" என்று எழுதியிருந்தார். அந்த நால்வரில் ஒன்பது வயதுப் பையனாகிய நானும் ஒருவன். அப்படி ஒரு யோசனை வீட்டில் இருந்தது என்பதே எனக்கு அதுவரையில் தெரியாது.

அன்றைக்குத்தான் எனக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. எனக்கும் நாற்பத்திரண்டு வயதாகியிருந்தது. நானும் என் பெண்ணிடம், "ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியட்டும், பார்க்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

நேயர்களுக்கு ஓர் உபாத்தியாயரின் நாள் எப்படிக் கழிகிறது என்பது தெரிந்திருக்கலாம். தெரியாதவர்களுக்காகச் சொல்லுகிறேன். நான் வேலை பார்ப்பது ஒரு தனியார் பள்ளிக்கூடம். சரித்திரமும் தமிழும் சொல்லிக் கொடுக்கிறேன். பகலெல்லாம் பள்ளிக்கூடம், மாலை ஆறு மணிமுதல் ஒன்பது வரை வீட்டில் டியூஷன், பெரிய லீவிலும் 'சிறப்பு வகுப்பு' என்று பெயர் வைத்து எங்களை வரச் சொல்லிவிடுவார்கள். "வாத்தியார் வேலைக்கு என்ன, வருஷத்தில் பாதி நாள் லீவு" என்று சொல்லுகிறவர்களை ஒரு மே மாதம் என்னோடு கொண்டுவந்து உட்காரவைக்க எனக்கு ஆசை.

2022ஆம் வருஷம் ஜூனில் துணிந்து நிர்வாகியிடம் போனேன். வாரத்தில் திங்கள் முதல் வியாழன் வரை நான்கு நாள் மட்டுமே வருவேன். லீவில் வகுப்பு எடுக்கமாட்டேன். அதற்குத் தக்கபடி சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உடம்புக்கு ஏதாவது?" என்று கேட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை, ஊர் பார்க்கவேண்டும் என்றேன். அதற்கு அவர் முகத்தில் தோன்றிய பாவத்தை வர்ணிக்க எனக்குச் சக்தி இல்லை. உடம்புக்கு ஏதாவது இருந்திருந்தால் அவருக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

கடைசியில் ஒப்புக்கொண்டார். 24,000 ரூபாய் 17,000 ஆயிற்று. எனக்கு வரவேண்டிய துணைத் தலைமை ஆசிரியர் ஸ்தானம் என்னைவிட எட்டு வருஷம் இளையவருக்குப் போயிற்று. "குடும்பஸ்தன் செய்கிற காரியமா இது?" என்று என் மைத்துனர் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பத்துப் பேர் கேட்கக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பாயசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டியூஷனையும் விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக, துபாயில் உள்ள சில தமிழ்க் குடும்பத்துக் குழந்தைகளுக்கு இணையவழியில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். திங்கள், புதன், வெள்ளி, மாலை ஆறு மணி. மாதம் 4,000 ரூபாய். இந்த வேலையின் பெருமை, எங்கே இருந்தாலும் செய்யலாம் என்பது. கையில் டெலிபோன் இருந்தால் போதும். இதைப் பெரிய சாமர்த்தியமாக நினைத்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவள் வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறாள். கணக்கு நோட்டும் அவளுடையதுதான். ஒருநாள் இரவு நோட்டை என் முன்னால் வைத்தாள். "மாதம் 7,000 குறைகிறது. வருஷத்துக்கு 84,000. துபாய்ப் பிள்ளைகளால் 48,000 திரும்பி வருகிறது. மீதி 36,000. நாம் எங்கே போனாலும், டிக்கெட்டுக்கு முன்னால் இந்த 36,000 ரூபாயைக் கொடுத்துவிட்டுத்தான் போகிறோம். இது உங்களுக்கு நினைவிருக்கவேண்டும்" என்றாள். பெண்ணின் காலேஜ் படிப்புக்கு இன்னும் நான்கு வருஷமே இருந்தது. அதை அவள் சொல்லவில்லை. சொல்லாததுதான் அதிகமாகக் காதில் விழுந்தது.

எங்கே போவது என்பதில் மட்டும் தகராறு இல்லை. 1986ஆம் வருஷத்துச் சிவப்புக் கோடு இருக்கிறதே! அதோடு, கொச்சிக்குப் போக இன்னொரு காரணமும் இருந்தது.

எர்ணாகுளத்தில் காந்தி நகர் என்னும் பகுதியில் ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ் என்று ஒரு சின்னக் கடை. அதை நடத்தி வந்தவர்கள் விஜயன், மோகனா என்னும் தம்பதிகள். இவர்கள் தினம் 300 ரூபாய் எடுத்து வைப்பார்கள். போதாததற்குக் கடன் வாங்குவார்கள். கடையைப் பூட்டிக்கொண்டு இருவருமாக ஏதாவது ஒரு தேசத்துக்குப் போவார்கள். திரும்பி வந்து, டீயும் பலகாரமும் விற்றுக் கடனை அடைப்பார்கள். அடைத்ததும் அடுத்த தேசம். 2007இல் முதல் தடவையாக வெளிநாடு சென்றவர்கள், பதினான்கு வருஷத்தில் 26 தேசங்களைப் பார்த்துவிட்டார்கள். 2021 அக்டோபரில் ருஷ்யாவுக்குப் போய்த் திரும்பினார்கள். அடுத்த மாதமே, நவம்பர் 19ஆம் தேதி, விஜயன் மாரடைப்பால் காலமானார். வயது 71. என் தகப்பனார் காலமானபோது அவருக்கும் அதே வயது. பத்திரிகையில் இந்தச் செய்தியைப் படித்துவிட்டு நான் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

தினம் 300 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 1,09,500. எங்களால் அது ஆகாது. எங்கள் வீட்டுக்கு 60 ரூபாய் என்று என் மனைவி தீர்ப்புக் கூறினாள். அதற்கு வருஷத்தில் 21,900 சேரும். கடன் வாங்கி ஊர் சுற்றுவது என்ற யோசனையை அவள் வாசற்படி ஏறவே விடவில்லை. இந்த விஷயத்தில் என் அபிப்பிராயமும் அதுதான். கடன் வாங்கிப் போய்வந்து அடைப்பதற்கு, தினம் முந்நூறு பேருக்கு டீ ஆற்றிக் கொடுக்கும் கைகள் வேண்டும். வாத்தியார் கைகள் சாக்குக் கட்டிக்குப் பழகியவை.

வேலையையும் பிரயாணத்தையும் ஒன்றாக்கிக்கொண்டவர்கள் நம்மில் உண்டு. கோட்டையூர் ஏ. கே. செட்டியார் புகைப்படக் கலையைக் கற்றுக்கொண்டு, காந்தியடிகளைப் பற்றிய படச்சுருள்களைத் தேடிக் கண்டம் விட்டுக் கண்டம் போய், 1940இல் அந்த வாழ்க்கைச் சித்திரத்தை வெளியிட்டார். அவருக்கு அலைவதே வேலை. ஆனால் நம்மைப் போன்றவர்களுக்கு வேலை ஓரிடத்தில், ஆசை ஓரிடத்தில். எர்ணாகுளத்துத் தம்பதிகள் நம் வகுப்பைச் சேர்ந்தவர்கள். அதனால்தான் அந்தக் கடையைப் பார்க்கவேண்டும் என்று தோன்றியது.

2023 ஜனவரியிலேயே மே மாதத்துக்கு டிக்கெட் எடுத்தேன். அந்நாளில் 120 நாள் முன்பாகப் பதிவு செய்யலாம். 2024 நவம்பர் முதல் அதை 60 நாளாக்கிவிட்டார்கள். வயதானவர்களுக்கு இருந்த கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டதால் என் தாயாருக்கும் முழு டிக்கெட். "நான் பாதி டிக்கெட்டுக்கு இருந்த காலத்தில் யாரும் கூட்டிக்கொண்டு போகவில்லை" என்றாள் அம்மா.

காரைக்காலிலிருந்து எர்ணாகுளம் போகும் விரைவு வண்டி சாயங்காலம் தஞ்சாவூருக்கு வருகிறது. அப்போது ஒருவருக்கு ஏறக்குறைய 300 ரூபாய், படுக்கை வசதியுடன். இப்போது திருச்சியில் மாறவேண்டியதில்லை. அம்மா ஜன்னலோரத்தில் உட்கார்ந்துகொண்டு, கரூர் வரைக்கும் தூங்குவதில்லை என்று சபதம் செய்தாள். திருச்சி வருவதற்குள் தூங்கிவிட்டாள். பாலக்காட்டுக் கணவாயை இருட்டில் கடந்தோம். மலைத்தொடர் நடுவில் வாசல் விட்டு நிற்கும் அந்த இடத்தைப் பார்க்கவேண்டும் என்று அலாரம் வைத்து எழுந்த என் பெண், கன்னங்கரேலென்ற ஜன்னலில் தன் முகத்தையே பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

விடியும்போது வேறு உலகம். எங்கள் பக்கத்தில் கோடையில் வயலெல்லாம் வெடித்துக் கிடக்கும். இங்கே தென்னையும் பலாவும் வாழையும் ரயிலுக்கு வழிவிடாமல் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. வீட்டுக்கு வீடு கிணறு; கிணற்றடியில் பாசி. "இத்தனை பச்சைக்கும் யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள்?" என்று அம்மா கேட்டாள். காவேரிக்கரையில் பிறந்து, முறை வைத்துத் தண்ணீர் விடுவதையே பார்த்தவளுக்கு வேறு என்ன தோன்றும்?

சவுத் ஸ்டேஷனுக்குச் சிறிது தூரத்திலேயே அறை எடுத்தோம். குளித்துவிட்டு நேரே காந்தி நகர். சின்னக் கடை. உட்கார்ந்தவர்களைவிட நின்றுகொண்டு சாப்பிடுகிறவர்கள் அதிகம். சுவரில் அந்தத் தம்பதிகள் பல தேசங்களில் எடுத்துக்கொண்ட படங்கள். நாங்களும் காபி சாப்பிட்டோம். கல்லாவில் யார் இருந்தார்கள், அவர்கள் முகம் எப்படி இருந்தது என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. ஒரு குடும்பத்தின் துயரத்தை எட்டிப் பார்ப்பதற்காக நாங்கள் போகவில்லை. என் மனைவி மட்டும் கடையின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் கேட்டாள்: "ஊருக்குப் போகும்போது இதைப் பூட்டிவிடுவார்கள், இல்லையா? இரண்டு பேரும்தானே போனார்கள்?"

"ஆமாம்."

"வாடிக்கைக்காரர்கள்?"

"காத்திருந்திருப்பார்கள்."

"ம்" என்றாள். அந்த 'ம்'மின் பொருள் எனக்கு மறுநாள் விளங்கிற்று.

கொச்சியைப் பற்றி எழுதுகிறவன் தண்ணீரைப் பற்றித்தான் எழுதவேண்டும். 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் பழைய முசிறித் துறைமுகத்தைத் தூர்த்துவிட்டு இங்கே வாய்திறந்தது என்பார்கள். அந்த வாய் வழியாக அராபியர் வந்தார்கள், சீனர் வந்தார்கள், போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று வரிசையாக வந்தார்கள். எல்லோரும் மிளகுக்காக வந்தவர்கள்தாம்.

நாங்கள் போனதற்குச் சில நாள் முன்னால், 2023 ஏப்ரல் 25ஆம் தேதி, அங்கே 'வாட்டர் மெட்ரோ' என்ற படகுப் போக்குவரத்தைத் தொடங்கியிருந்தார்கள். மின்சாரத்தில் ஓடும் குளிர்சாதனப் படகுகள். ஹைகோர்ட் துறையிலிருந்து வைப்பின் தீவுக்கு அப்போது 20 ரூபாய். ஊரே திரண்டு வரிசையில் நின்றது. ஒரு மணி நேரம் நின்று ஏறினோம். படகு நகர்ந்ததே தெரியவில்லை. அம்மா கண்ணாடியில் கன்னத்தை வைத்துக்கொண்டு, கப்பல்களையும் எண்ணெய்த் தொட்டிகளையும் பார்த்துக்கொண்டே வந்தாள். வைப்பினில் இறங்கி, லாரிகளையும் மோட்டார் சைக்கிள்களையும் மனிதர்களையும் ஒன்றாக ஏற்றிச் செல்லும் தட்டைப் படகில் எதிர்க்கரைக்குப் போனோம். அதுதான் கோட்டைக் கொச்சி. எனக்குக் குளிர்சாதனப் படகைவிட இந்தப் படகுதான் பிடித்தது. காற்று இருந்தது, மீன் வாடை இருந்தது, அக்கம்பக்கத்து மனிதர்களின் பேச்சு இருந்தது.

கரையோரமாகச் சீன வலைகள். ராட்சசச் சிலந்தி ஒன்று முதுகை வளைத்துக்கொண்டு தண்ணீர் குடிப்பதுபோல் இருக்கும். ஒரு பக்கம் வலை, மறு பக்கம் கயிற்றில் கட்டித் தொங்கும் பாறாங்கற்கள். நாலைந்து பேர் கயிற்றைப் பிடித்து இழுத்தால் கல் கீழே வருகிறது, வலை மேலே எழுகிறது. அரை மணி நேரம் நின்று பார்த்தோம். ஆறு தடவை வலை எழுந்தது. கிடைத்த மீனை ஒரு சின்னக் கூடையில் போட்டால் கூடைக்கு இன்னும் இடம் இருந்தது. "இதற்கு இத்தனை பேரா?" என்றாள் என் பெண். வலை இழுத்துக்கொண்டிருந்தவர்களில் ஒரு கிழவர் தமிழ் அறிந்தவர் போலும். சிரித்துக்கொண்டே கயிற்றை அவளிடம் நீட்டினார். அவள் இழுத்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தாள்.

மணி ஐந்தரை. அடிவானத்தில் சூரியன் சிவக்கத் தொடங்கியது. எங்கள் பக்கத்து நாகப்பட்டினக் கடலில் சூரியன் எழுவதைத்தான் அம்மா பார்த்திருக்கிறாள். கடலில் சூரியன் விழுவதை எழுபது வயதுக்குமேல் முதல் தடவையாகப் பார்க்கப் போகிறாள். அதற்காகவேதான் அந்த நேரத்துக்கு வந்து சேர்ந்திருந்தோம்.

ஆனால் அன்று புதன்கிழமை. ஆறு மணிக்குத் துபாய்ப் பிள்ளைகள்!

எங்கே இருந்தாலும் செய்யக்கூடிய வேலை என்று பெருமையடித்துக்கொண்டேன் அல்லவா? எங்கே இருந்தாலும் அது வந்துவிடும் என்பதை யோசிக்கவில்லை. கடற்கரையில் காற்று இரைச்சல். ஆகவே நான் செயின்ட் பிரான்சிஸ் மாதாகோயிலின் மதிலோரமாக ஒரு மரத்தடி மேடையைத் தேடிப் பிடித்தேன். வாஸ்கோடகாமா 1524இல் கொச்சியில் இறந்தபோது அவரை முதலில் அடக்கம் செய்தது அந்தக் கோயிலில்தான். பிற்பாடு லிஸ்பனுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பாதி உலகம் சுற்றிவந்த மனிதரின் பழைய கல்லறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, 'பல்லி' என்றால் என்ன, 'பள்ளி' என்றால் என்ன, 'வாழை'யை 'வாளை' என்று சொன்னால் அது எப்படி மீனாகிவிடும் என்று ஒரு மணி நேரம் கத்தினேன். மேற்கே வானம் ஆரஞ்சாகி, ரோஜாவாகி, ஊதாவாகி அணைந்தது. மதிலுக்கு மேலே தெரிந்த அளவுக்கு நானும் பார்த்தேன்.

ஏழு மணிக்கு அவர்கள் வந்தார்கள். என் பெண் மூச்சுவிடாமல் வர்ணித்தாள். சூரியன் தண்ணீரைத் தொட்டதும் அடிப்பாகம் அகன்று ஒரு குடம்போல் ஆகிவிட்டதாம். ஒரு வலை எழுந்தபோது அதற்குள்ளேயே சூரியன் மாட்டிக்கொண்டதாம். அம்மா மேடையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, முழங்காலைத் தடவிக்கொண்டாள்.

"உன் அப்பாவும் இப்படித்தான்டா. எல்லாம் அவரே ஏற்பாடு செய்வார். அவர் மட்டும் இருக்கமாட்டார்."

அவள் குறையாகச் சொல்லவில்லை. நினைவு வந்ததைச் சொன்னாள். நான் டெலிபோனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் மட்டாஞ்சேரி. அரண்மனையைக் கட்டியவர்கள் போர்த்துக்கீசியர், பழுதுபார்த்தவர்கள் டச்சுக்காரர்கள், உள்ளே சுவரில் இருப்பதோ நம்முடைய ராமாயணம்! இந்த மாதிரி விநோதம் கொச்சியில்தான் நடக்கும். பச்சையும் காவியுமாகச் சுவர் கொள்ளாமல் சித்திரங்கள். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் நின்று அம்மா கதை சொல்ல ஆரம்பித்தாள்; வடக்கிலிருந்து வந்த ஒரு குடும்பம் மொழி தெரியாமலே அவள் பின்னால் தொடர்ந்தது. அடுத்தாற்போல் யூதர்களின் ஜெபாலயம். 1568இல் கட்டியது. தரையில் நீலமும் வெள்ளையுமாகச் சீன தேசத்து ஓடுகள், கையால் எழுதியவை. வந்தவர்களெல்லாம் கூரையில் தொங்கும் கண்ணாடி விளக்குகளை அண்ணாந்து பார்க்க, என் மனைவி மட்டும் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். "இந்தப் பூ வேலையை ரவிக்கைக் கையில் போடலாம்" என்றாள். இரண்டு நாளில் அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அப்போதுதான் கண்டேன்.

வெளியே வந்ததும் அவளுடைய டெலிபோன் மணி அடித்தது.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு கல்யாண வீடு. வைகாசி முதல் முகூர்த்தம். மணப்பெண்ணுக்கு ஐந்து ரவிக்கைகள். பத்தாம் தேதி தருவதாகப் பேச்சு. அவள் ஊரில் இல்லாததையும் சொல்லியிருந்தாள். இப்போது, பெண்ணின் அத்தை பம்பாயிலிருந்து வந்திருக்கிறார், நாளைக்கே போட்டுப் பார்க்கவேண்டும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்துவிடுவேன் என்று இவள் சொன்னாள். மறுபடி மணி அடித்தது. மறுபடி. நாலாவது தடவை, பக்கத்து வீட்டில் கொடுத்துவைத்திருந்த சாவியை வாங்கித் துணிகளை எடுத்துக்கொண்டுவிட்டதாகவும், வேறு இடத்தில் தைத்துக்கொள்வதாகவும் தெரிவித்தார்கள்.

அந்த வீட்டுக்கு அவள் பதினோரு வருஷமாகத் தைக்கிறாள். ஐந்து ரவிக்கைக்கும் சேர்த்து 6,000 ரூபாய். ரூபாய் போகட்டும், அந்த ஒரு வீட்டின் மூலமாக இன்னும் மூன்று வீடுகள் வருகின்றன. யூதத் தெருவில் ஏலக்காய் மணக்கும் ஒரு கடை வாசலில் அவள் நெடுநேரம் நின்றாள். இன்றைக்கே புறப்பட்டுவிடலாமா என்று கேட்டேன். உண்மையில், "வேண்டாம்" என்று அவள் சொல்லவேண்டுமே என்று வேண்டிக்கொண்டுதான் கேட்டேன்.

"உங்களுக்கு நாலு நாள் வேலை என்று பள்ளிக்கூடத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு யார் எழுதிக் கொடுத்தார்கள்?" என்றாள். "வீட்டில் இருந்தபடி செய்கிற வேலை, எப்போது வேண்டுமானாலும் செய்யலாம் என்கிறார்கள். அதனால்தான் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுகிறார்கள்."

பிரயாணத்துக்காகக் கணக்குப் போட்டேனே, அந்தக் கணக்கில் என்னுடைய 7,000 ரூபாய் இருந்தது. அவளுடைய வாடிக்கை இல்லை. சித்திரை பிற்பாதி என்பது தையல்காரிக்கு எப்பேர்ப்பட்ட காலம் என்பதை நான் கேட்கவே இல்லை. எனக்கு லீவு என்றால் வீட்டுக்கே லீவு என்று நினைத்துவிட்டேன். அன்று மாலை எங்கும் போகவில்லை. அறையிலேயே இருந்தோம்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் துபாய்க்குச் சொல்லிவிட்டேன், இன்று வகுப்பு இல்லையென்று. ஒரு பிள்ளையின் தகப்பனார், "முன்கூட்டியே சொல்லியிருக்கலாமே" என்றார். அவர் சொன்னது நியாயம். சாயங்காலம் நால்வருமாகக் கோட்டைக் கொச்சிக் கடற்கரையில் ஐந்து மணிக்கே போய் இடம் பிடித்து உட்கார்ந்தோம். வானம் முழுவதும் மேகம். சூரியன் எந்த நிமிஷத்தில் விழுந்தான் என்பதே தெரியவில்லை. சாம்பல் நிறமாக இருட்டிற்று, அவ்வளவுதான். என் மனைவி சிரித்துவிட்டாள். இரண்டு நாளைக்குப் பிறகு அவள் சிரித்த முதல் சிரிப்பு. வேர்க்கடலை வாங்கித் தின்றுகொண்டு எட்டு மணி வரைக்கும் அங்கேயே இருந்தோம்.

இரவு வண்டிக்கு முன்னால், சனிக்கிழமை காலையில், வில்லிங்டன் தீவுக்குப் போனோம். அது கடவுள் படைத்த தீவல்ல. ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேய இன்ஜினீயர், கப்பல் வருவதற்காகக் காயலை ஆழப்படுத்தியபோது தோண்டிய மண்ணைக் கொட்டி எழுப்பியது. 1928 மே மாதத்தில் முதல் கப்பல் உள்ளே வந்தது. அந்தத் தீவின் கோடியில்தான் ஹார்பர் டெர்மினஸ். என் தகப்பனாரின் சிவப்புக் கோடு முடிகிற இடம்.

ஆட்டோக்காரர், "அங்கே வண்டி கிடையாதே!" என்றார். தெரியும் என்றேன். பல வருஷமாகப் பிரயாண வண்டிகள் அங்கே வருவதில்லை. தண்டவாளத்தில் புல் முளைத்திருந்தது. ஒரு காலத்தில் கப்பலிலிருந்து இறங்கியவர்கள் நேரே ரயிலில் ஏறிய இடம். ஒரு நாய் படுத்திருந்தது. எங்களைப் பார்த்து எழுந்திருக்கவும் இல்லை. நான் பையிலிருந்து 1986ஆம் வருஷத்து அட்டவணையை எடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஓரத்தில் இருந்த எழுத்தைப் படித்தாள்.

"அறுநூற்று நாற்பது ரூபாயா? அந்த வருஷம்தான் உன் அத்தை கல்யாணத்துக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தார்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். புத்தகத்தை அவளே பையில் வைத்துக்கொண்டாள். இன்னும் அது அவளிடம்தான் இருக்கிறது.

ஊர் வந்து சேர்ந்ததும் கணக்கு எழுதினோம். ரயில் 2,400, அறை 5,200, சாப்பாடு 4,200, படகு, ஆட்டோ, மற்றவை 2,000. ஆக 13,800. சேர்த்து வைத்த 21,900இல் 8,100 மிச்சம். அதற்குக் கீழே என் மனைவி, "கல்யாண வீடு 6,000" என்று எழுதிக் கோடு போட்டாள். அந்த வீடு திரும்பி வரவில்லை. மூன்று வீடுகளில் ஒன்று வந்தது. நான் துபாய் வகுப்பை வருஷத்தில் பத்து மாதம் என்று ஆக்கிக்கொண்டேன். லீவு நாட்களை ஜூனிலேயே எழுதி அனுப்பிவிடுகிறேன். இரண்டு குழந்தைகள் நின்றுவிட்டார்கள்.

ஆவணி மாதத்தில் ஒருநாள் என் பெண் இன்னொரு பழைய அட்டவணையை விரித்து வைத்துக்கொண்டு, சிவப்புப் பென்சிலால் ஹொசபேட்டைக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அங்கிருந்து ஹம்பி பக்கம்தான்.

"தாத்தா மே மாதம் என்று போட்டிருக்கிறார், அப்பா."

தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே என் மனைவி சொன்னாள்: "மே மாதம் ஆகாது. மார்கழியில் கல்யாணம் கிடையாது. தை முகூர்த்தத் துணிகளும் கடைசி வாரத்தில்தான் வரும். அரைப் பரீட்சை லீவும் அப்போதுதானே? தேதியைச் சொல்லுங்கள். ஒரு மாதம் முன்னாலேயே வாசலில் எழுதி ஒட்டிவிடுகிறேன்."